தொட்டியில் எத்தனை நாள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில் மக்கள் ‘எரிபொருள் உதவி’ என்று சுருக்கமாகச் சொல்வது, கூட்டரசின் ‘குறைந்த வருமான இல்லங்களுக்கான எரிசக்தி உதவித் திட்டம்’ என்னும் நீண்ட பெயருடைய ஏற்பாட்டையே குறிக்கும். ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து அலுவலகங்களில் ‘லைஹீப்’ என்று வழங்கப்படும் இத்திட்டம், வருமானம் குறைந்த குடும்பம் தன் வீட்டைச் சூடாக்கச் செய்யும் செலவில் ஒரு பகுதியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தொகையையும் பெரும்பாலும் குடும்பத்தின் கையில் கொடுக்காமல், எண்ணெய் விற்பவருக்கோ மின்சார, எரிவாயு நிறுவனத்துக்கோ நேராகச் செலுத்திவிடுகிறது. இதைப் பற்றிப் பேசுவோர் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற இரண்டு எண்களோடு நின்றுவிடுவது வழக்கம். விண்ணப்ப மேசையில் பல குளிர்காலங்களைக் கழித்தவர்களோ (இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர்) தொகையைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்க்கப் பழகியவர்கள். பிப்ரவரியில் வரும் ஆயிரம் டாலரைவிட நவம்பரில் வரும் ஐந்நூறு டாலர் ஒரு வீட்டைக் கூடுதலாகக் காக்கும் என்பது அவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

வெப்பநாட்டு வாசகருக்கு இது எளிதில் பிடிபடாமல் போகலாம். மார்கழிப் பனியை ஒரு கம்பளியால் தாங்கிக்கொள்ளலாம். மெய்னின் ஜனவரி இரவு, நீர் உறையும் நிலைக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் வரை இறங்கக்கூடியது. அங்கே குளிர் முதலில் தாக்குவது உடலை என்று நினைப்பதைவிட வீட்டை என்று நினைப்பதே சரி. சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஓடும் குழாய்களில் நீர் உறைந்து, உறையும்போது விரிந்து, குழாயை வெடிக்கச் செய்கிறது. பிறகு சூடு திரும்பும்போது அந்த வெடிப்பின் வழியாக வீடு முழுவதும் நீர் பாய்கிறது. அடுப்பில் உலை வைக்க முடியாத வீடு ஒரு வேளை பசியோடு கிடக்கலாம். சூடேற்ற முடியாத வீடு இரண்டு இரவுகளில் குடியிருக்கத் தகாததாகிவிடும்.

திட்டத்தின் பிறப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய் ஏற்றுமதித் தடையும், 1979 ஈரான் புரட்சியைத் தொடர்ந்த விலையேற்றமும் வடமாநிலங்களின் ஏழை வீடுகளை நேரடியாகத் தாக்கின. 1980 இல், எண்ணெய் நிறுவனங்களின் எதிர்பாராத இலாபத்தின் மீது வரி விதித்த சட்டத்தோடு சேர்ந்து எரிசக்தி உதவிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1981 இல் அது இன்றுள்ள வடிவத்தில் ‘தொகுப்பு மானியம்’ ஆக்கப்பட்டது. தொகுப்பு மானியம் என்பது, கூட்டரசு மொத்தத் தொகையையும் சில எல்லைகளையும் மட்டும் வகுத்துவிட்டு, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதை மாநிலங்களும் பழங்குடி அரசுகளும் முடிவு செய்யும்படி விடும் முறை. முதியோர் ஓய்வூதியத்தைப் போல இது தகுதியுள்ள எல்லோரும் உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடியது அன்று. அந்த ஆண்டின் பணம் தீர்ந்தால் வரிசையில் நிற்பவர், எவ்வளவு தகுதியுடையவராயினும், திரும்பிப் போகவேண்டியவரே. தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு அல்லது அதற்கும் குறைவானவற்றுக்கே இவ்வுதவி எட்டுகிறது.

தகுதியை அளக்கும் கோலும் குளிரை அறியாதது. அமெரிக்க வறுமைக்கோடு, 1960களில் சமூகப் பாதுகாப்பு நிருவாகத்தில் பணியாற்றிய மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற பொருளியலாளர், ஒரு குடும்பத்தின் மிகக் குறைந்த உணவுச் செலவைக் கணக்கிட்டு அதை மூன்றால் பெருக்கி உருவாக்கிய அளவின் வழிவந்தது. அலாஸ்காவையும் ஹவாயையும் தவிர்த்த மற்ற 48 மாநிலங்களுக்கும் அந்தக் கோடு ஒன்றே. 2025 இல் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 32,150 டாலர். புளோரிடாவில் சன்னலைத் திறந்துவைத்து டிசம்பரைக் கழிக்கும் குடும்பத்துக்கும், மெய்னில் ஏழு மாதம் கொதிகலனை எரிக்கும் குடும்பத்துக்கும் அதே எண் பொருந்துகிறது. லைஹீப் சட்டம் இந்தக் கோட்டின் ஒன்றரை மடங்கு, அல்லது மாநிலத்தின் இடைநிலை வருமானத்தில் 60 விழுக்காடு, இவ்விரண்டில் எது உயர்ந்ததோ அதை உச்சவரம்பாக அனுமதிப்பது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆயினும் வரம்புக்குச் சில நூறு டாலர் மேலே நிற்கும் குடும்பத்திடம் ‘இல்லை’ என்று சொல்வது மேசைப் பணியின் மிகக் கடினமான பகுதியாகவே எப்போதும் இருந்துவருகிறது.

இனி எண்ணெய்க்கு வருவோம். மேசைப் பணியில் கற்கவேண்டியவற்றில் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது. அமெரிக்காவின் பெரும்பாலான வீடுகள் குழாயில் வரும் எரிவாயுவாலோ மின்சாரத்தாலோ சூடாகின்றன. மெய்னில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் வண்டியில் வந்து இறங்கும் எண்ணெயையே நம்பியிருக்கின்றன. நிலவறையில் 275 கேலன் கொள்ளும் இரும்புத் தொட்டி ஒன்று நிற்கும். ஒரு கேலன் என்பது 3.8 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தொட்டியின் தலையில், மிதவையோடு இணைந்த சிறிய அளவுமானி ஒன்று முழு, முக்கால், அரை, கால் என்று காட்டும். வாகன வீடு எனப்படும், சக்கரத்தின் மேல் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட எளிய வீடுகளில் நிலவறை இருக்காது. தொட்டி வெளியே பனியில் நிற்கும். கடுங்குளிரில் சாதாரண எண்ணெய் கூழாகக் குழம்பி ஓட மறுக்கும் என்பதால், அவ்வீடுகள் அதைவிட விலை கூடிய மண்ணெண்ணெயை வாங்கவேண்டியுள்ளது. மிக எளிய வீட்டில் வாழ்பவர் மிக விலையுயர்ந்த எரிபொருளை எரிக்கும் நிலை இவ்வாறு தொட்டி நிற்கும் இடத்தாலேயே உண்டாகிவிடுகிறது.

எண்ணெய் வணிகர்களிடம் பழைய கணக்கொன்று உண்டு. அதன் பெயர் ‘பாகை நாள்’. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 65 பாகை பாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 18 பாகை செல்சியஸுக்கு, எத்தனை பாகை கீழே இருக்கிறதோ அத்தனை பாகை நாள் என்று கொள்வர். சராசரி 20 பாகை பாரன்ஹீட்டாக இருக்கும் ஜனவரி நாளொன்றுக்கு 45 பாகை நாள். ஒவ்வொரு வீடும் ஒரு கேலனில் எத்தனை பாகை நாளைத் தாங்குகிறது என்பதை முந்தைய நிரப்பல்களிலிருந்து வணிகர் கணக்கிட்டு வைத்திருப்பார். ஆறு பாகை நாளுக்கு ஒரு கேலன் எரிக்கும் வீடு அந்த ஜனவரி நாளில் ஏழரைக் கேலன் எரிக்கும். தொட்டி எட்டில் ஒரு பங்கில் நின்றால் அதில் ஏறத்தாழ 34 கேலன். ஆக நாலரை நாள். இந்தச் சிறு வகுத்தலைக் கொண்டு வணிகர், வாடிக்கையாளர் நினைவுபடுத்தாமலே, தொட்டி காலியாவதற்கு முன் வண்டியை அனுப்பிவிடுகிறார்.

அவ்வாறு அனுப்புவது கடன் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டுமே. பழைய பாக்கி உள்ளவரும், வங்கிக் கணக்கில் நம்பிக்கை காட்ட இயலாதவரும், தாமே தொலைபேசியில் அழைத்து முன்பணம் செலுத்தி வாங்கும் வகையில் தள்ளப்படுகின்றனர். அவர்களுடைய தொட்டியைப் பற்றி யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. பல வணிகர்கள் நூறு கேலனுக்குக் குறைந்து கொண்டுவருவதில்லை, அல்லது குறைந்த அளவுக்குக் கூடுதல் கட்டணம் கேட்கின்றனர். 2022 இல் மெய்னில் எண்ணெய் விலை கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியபோது, ஒரு முறை வண்டியை வரவழைக்க 500 டாலர் ஒரே கையில் வேண்டியிருந்தது. அது இல்லாதவர் ஐந்து கேலன் பிளாஸ்டிக் குடுவையை எடுத்துக்கொண்டு சாலையோர எரிபொருள் நிலையத்துக்குப் போய் டீசல் வாங்கித் தொட்டியில் ஊற்றுகிறார். டீசலும் வீட்டு எண்ணெயும் கொதிகலனைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு வரியில் இருக்கிறது. வீட்டு எண்ணெய்க்குச் சாலை வரி கிடையாது, அதனை அடையாளம் காணவே அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகின்றனர். சாலையோர டீசலிலோ கேலனுக்கு 24.4 சென்ட் கூட்டரசு வரியும் அதன்மேல் மாநில வரியும் அடங்கியிருக்கும். நூறு கேலன் வாங்க முடியாத காரணத்தாலேயே ஒருவர், தன் வீட்டைச் சூடாக்குவதற்கு நெடுஞ்சாலை வரி கட்டுகிறார். இந்தக் குடுவைகளை வாசலில் கண்ட பணியாளர், அந்த வீட்டின் விண்ணப்பத்தை மேலே எடுத்து வைப்பது நல்லது என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தனர்.

மின்சாரத்தையும் குழாய் எரிவாயுவையும் குளிர்காலத்தில் துண்டிப்பதற்குப் பல மாநிலங்களில் தடை உண்டு. விஸ்கான்சினில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, மின்னசோட்டாவில் அக்டோபர் முதல் ஏப்ரல் முடிய அதற்கென விதிகள் உள்ளன. ஒழுங்காணையத்தின் கீழ் வரும் நிறுவனங்களையே அவை கட்டுப்படுத்தும். எண்ணெய் வண்டி வராமலிருப்பதைத் துண்டிப்பு என்று எந்த விதியும் கொள்வதில்லை. தொட்டி தானே காலியாகிறது, யாரும் எதையும் மூடுவதில்லை. எனவே எண்ணெயை நம்பிய வீடுகளுக்கு லைஹீப் ஒன்றே தடுப்புச் சுவர் என்று சொல்வது மிகையாகாது.

இத்திட்டத்தைக் களத்தில் நடத்துவன பெரும்பாலும் ‘சமூகச் செயல் முகமை’ எனப்படும் இலாபநோக்கற்ற அமைப்புகள். 1964 இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் காலத்தில் இயற்றப்பட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டத்தால் இவை தோன்றின. விண்ணப்பதாரர் வருமானச் சான்று, வீட்டில் வாழ்வோர் அனைவரின் அடையாளம், வாடகை அல்லது உரிமை ஆவணம், எரிபொருள் விற்பவரின் பெயர் ஆகியவற்றோடு வரவேண்டும். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இப்பட்டியல் மெய்னின் கிழக்குக் கடலோரத்தில் சிக்கலாகிவிடுகிறது. ஏனெனில் அங்கே பல குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே தொழில் கிடையாது. ஆகஸ்டில் காட்டு அவுரிநெல்லி வாருதல், கோடையிலும் இலையுதிர்காலத்திலும் லாப்ஸ்டர் படகில் துணைவேலை, அலை வற்றும் நேரங்களில் சேற்றில் சிப்பி தோண்டுதல், நவம்பரில் தேவதாருக் கிளைகளால் கிறிஸ்துமஸ் வளையம் கட்டுதல் என்று வேலை பருவத்தோடு நகர்கிறது. ஜனவரி வந்ததும் எல்லாம் நின்றுவிடுகிறது. வருமானத்தைச் சில மாநிலங்கள் கடந்த ஒரு மாதத்துக்கும், சில மூன்று மாதங்களுக்கும், சில ஓராண்டுக்கும் கணக்கிடுகின்றன. அக்டோபரில் விண்ணப்பிக்கும் அவுரிநெல்லித் தொழிலாளிக்கு மூன்று மாதக் கணக்கு, அவருடைய மிகச் செழிப்பான வாரங்களை எடுத்து ஆண்டு முழுவதற்கும் பெருக்கிவிடும். அவரே பிப்ரவரியில் வந்தால் அதே கணக்கு அவரை மிக வறியவராகக் காட்டும். எந்தக் காலத்தை எடுப்பது என்று தேர்வு செய்ய விதி இடம் தரும்போது, இரண்டையும் போட்டுப் பார்த்து அக்குடும்பத்தின் உண்மை நிலைக்கு நெருங்கியதை எடுப்பதே நேர்மையான பணியாளரின் கடமை. அது சலுகை காட்டுவது ஆகாது.

முதியோரிடம் கேட்கும் முறையும் ஒரு தனிக் கல்வி. வடபுலத்துக் கிராம முதியவர் பலர் உதவி பெறுவதைத் தாழ்வாகக் கருதி வளர்ந்தவர்கள். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறது’ என்றே விடை வரும். எந்த அறையில் உறங்குகிறீர்கள் என்று கேட்டால், மாடியை அடைத்துவிட்டு அடுக்களையில் கட்டில் போட்டிருப்பது தெரியவரும். சமையல் அடுப்பை எத்தனை மணி நேரம் எரியவிடுகிறீர்கள் என்று கேட்டால், அதன் கதவைத் திறந்துவைத்துக் குளிர்காய்வது வெளிப்படும்; எரிவாயு அடுப்பாயின் அதிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடு மணமற்ற நஞ்சு என்பதை அப்போதே எச்சரிக்கவேண்டும். மருந்து வாங்கியாயிற்றா என்பதும் எரிபொருள் கேள்விதான். 2003 இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, கடுங்குளிர் மாதங்களில் ஏழைக் குடும்பங்கள் எரிபொருளுக்குக் கூடுதலாகச் செலவிட்ட அளவுக்கு ஏறக்குறைய நிகராக உணவுச் செலவைக் குறைத்துக்கொண்டதைக் காட்டியது; மேசையில் அமர்ந்தவர்களுக்கு அது முன்பே தெரிந்த செய்தி.

இவற்றையெல்லாம் கேட்கத் தெரிந்த அலுவலகமும் தவறியதுண்டு. இக்கட்டுரையாளர் பணிபுரிந்த இடமொன்றில், ஒரு பிப்ரவரியின் வியாழக்கிழமையன்று, தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் விண்ணப்பம் ஓய்வூதியக் கடிதம் இணைக்கப்படாததால் ‘முழுமையற்றது’ என்று ஒதுக்கப்பட்டது. கடிதத்தை அஞ்சலில் அனுப்பும்படி அவரிடம் பணிவாகவே சொல்லப்பட்டது. விதிப்படி அதில் பிழையேதும் இல்லை. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அளவுமானி எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு கொதிகலன் நின்றது. திங்களன்று அடுக்களைச் சுவரின் குழாய்கள் வெடித்திருந்தன. அவ்வீட்டைச் சரிசெய்ய ஆன செலவு, அவருக்குக் கிடைக்கவிருந்த உதவித்தொகையைப் பல மடங்கு தாண்டியது. பழுது நீங்கும் வரை மூதாட்டி மகள் வீட்டில் ஒதுங்கினார், அந்தக் குளிர்காலத்தில் தம் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த விண்ணப்பத்தை ஒதுக்கிய கை இக்கட்டுரையாளருடையதே.

இத்தகைய நிலைமைக்கென்றே சட்டத்தில் ‘நெருக்கடி உதவி’ என்ற பிரிவு உண்டு. தகுதியுள்ள குடும்பம் நெருக்கடி என்று விண்ணப்பித்தால் 48 மணி நேரத்துக்குள், உயிருக்கு ஆபத்தான நிலையாயின் 18 மணி நேரத்துக்குள், இடர் தீர்க்கும் உதவி கிடைக்கவேண்டும். அதற்காக ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 15 வரை மாநிலங்கள் நியாயமான தொகையொன்றைத் தனியே வைத்திருக்கவேண்டும். இத்திட்டத்தின் மிகச் சிறந்த விதி இதுவே. எனினும் நெருக்கடியைப் பல மாநிலங்கள் தொட்டியில் எஞ்சியிருக்கும் அளவைக் கொண்டே வரையறுப்பதால், தொலைநோக்கோடு அரைத் தொட்டியில் அழைப்பவர் காத்திருக்கும்படி சொல்லப்படுகிறார். அடித்தட்டு வரை இறங்கியவருக்கே கதவு திறக்கிறது. அவசரமாக, விடுமுறை நாளில் அழைக்கப்படும் வண்டிக்கும், எண்ணெய் முற்றிலும் தீர்ந்து காற்று புகுந்த குழாயைத் தொழில்நுட்பர் வந்து சரிசெய்து கொதிகலனை மீண்டும் பற்றவைப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு. பத்து நாள் முன்னர் அனுப்பியிருந்தால் எண்ணெயாக மாறியிருக்கக்கூடிய பணம் இவ்வாறு கட்டணமாகக் கரைகிறது.

வீட்டின் வெப்பக் கசிவை அடைப்பதற்கும் மாநிலங்கள் லைஹீப் பணத்தில் 15 விழுக்காடு வரை, சிறப்பு அனுமதியோடு 25 விழுக்காடு வரை, செலவிடலாம். வாசற்கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எந்த இடுக்கிலிருந்து குளிர்காற்று உள்ளே பாய்கிறது என்று அளந்தபின், மேற்கூரையடியிலும் சுவர்களிலும் காகிதக்கூழ்ப் பஞ்சை அடைப்பது இப்பணியின் சாரம். ஒரு முறை செய்தால் பல குளிர்காலங்களுக்குப் பயன் தரும் செலவு இது. ஆனால் கூரை ஒழுகும் வீட்டிலும் பழைய மின்கம்பிகள் பழுதான வீட்டிலும் பஞ்சை அடைப்பது ஆபத்து என்பதால், அவ்வீடுகள் ‘ஒத்திவைப்பு’ என்ற குறிப்போடு விடப்படுகின்றன. மிகுதியாகக் கசியும் வீடுகளே பெரும்பாலும் இப்பட்டியலில் சேர்வது வேதனைக்குரியது.

பணம் எப்போது வருகிறது என்பதை முடிவு செய்வது மேசையன்று, தலைநகரம். நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது; மெய்னில் கொதிகலன்கள் எரியத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்நாளில்தான். கோடையில், விலை தணிந்திருக்கும்போது தொட்டிகளை நிரப்ப வாய்ப்பே இல்லாதபடி, குளிரும் ஒதுக்கீடும் ஒரே நாளில் புறப்படுகின்றன. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் ஒதுக்கீடு தாமதமாகும் ஆண்டுகளில் குளிர் முந்திவிடுகிறது. 2025 ஏப்ரலில் இத்திட்டத்தைக் கவனித்துவந்த கூட்டரசுப் பிரிவின் பணியாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 2026 நிதியாண்டுக்கான குடியரசுத் தலைவரின் முன்மொழிவில் திட்டமே நீக்கப்பட்டிருந்தது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் கூட்டரசு முடங்கிக் கிடந்தது. மாநிலங்களுக்கு நிதி விடுவிக்கப்பட்டபோது நவம்பர் முடிவை நெருங்கிவிட்டது. பணம் ஒழியவில்லை, குறையவுமில்லை, பிந்தியது. அந்தப் பிந்துதலை நாளிதழ்கள் நிருவாகச் செய்தியாக வெளியிட்டன. தொட்டிகளின் அளவுமானியில் அது எட்டில் மூன்று பங்கு, இரண்டு பங்கு என்று இறங்கிக்கொண்டிருந்தது.

வணிகரிடம் இருக்கும் அந்தச் சிறிய வகுத்தற் கணக்கு முகமைகளிடமும் இருக்கவேண்டும். கடன் பெறத் தக்கவருக்குக் கிடைக்கும் முன்னறிவு, பெறத் தகாதவருக்கு அரசின் வழியாகவேனும் கிடைக்கவேண்டும். உதவி பெறும் வீடுகளின் முந்தைய ஆண்டு நிரப்பல்களை வணிகர்கள் ஏற்கெனவே முகமைகளுக்குத் தெரிவிக்கும் இடங்களில், எந்த வீடு எந்த வாரத்தில் காலியாகும் என்பதைக் கணக்கிட ஒரு பிற்பகல் போதும். அதற்கும் முன்னதாக, இப்பணிக்கு வரும் புதிய பணியாளரிடம் கேட்கக்கூடியது ஒன்றே. விண்ணப்பதாரர் எதிரில் அமர்ந்தவுடன் வருமானத்தைக் கேட்பதற்கு முன், முகவரியைக் கேட்பதற்கும் முன், தொட்டியில் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அந்த விடையைத் தாளின் மேல்விளிம்பில், தேதியோடு, பெரிதாக எழுதிவையுங்கள்.